கையைப் பிடியுங்கள், வேலையைப் பிடுங்காதீர்கள்

நடுவர் அவர்களுக்கும், நான் வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டி மறுக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம்.

வெளியே போக முடியாமல் வீட்டோடு இருக்கும் பெரியவர்களின் உடல்நலத்தைக் காப்பது, எல்லாவற்றையும் நாம் செய்து கொடுப்பதா, அவர்களையே செய்ய விடுவதா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவி, "என் அப்பாவை ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட விடமாட்டேன், உட்கார வைத்துத் தாங்குவேன்" என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். அவருடைய பாசத்துக்கு, வாதத்துக்கு அல்ல.

உட்கார வைத்துத் தாங்கினால் என்ன ஆகும் அம்மா? 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய்நொடி இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி! நாமோ லேசான காய்ச்சல் என்றாலே "எழுந்திருக்கவே கூடாது" என்று போர்த்திவிடுகிறோம்.

நாற்காலியிலிருந்து ஒரு பெரியவர் எழுவதைக் கவனித்திருக்கிறீர்களா? விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னே சாய்த்து, கையை ஊன்றி எழ வேண்டும். அரை நிமிடம் பிடிக்கும். அந்த அரை நிமிடம் நமக்குத்தான் பொறுக்காது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறோம். தொடைக்குக் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சி போச்சு. அந்த நாற்காலி தாழ்வாக இருக்கிறதே, கொஞ்சம் உயர்த்தினால் அவரே எழுந்துவிடுவாரே என்று யாருக்காவது தோன்றியதா?

"சரி, விழுந்துவிட்டால்?" நியாயமான பயம், நான் அதைச் சிரித்துத் தள்ள மாட்டேன். ஆனால் நடக்காத கால்தான் சீக்கிரம் தடுமாறும். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும், உடம்பு இடம் கொடுக்கும் அளவுக்கு, பயிற்சி செய்ய வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. விழுவதைத் தடுக்க வேண்டுமா? கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு போடுங்கள். வழுக்கும் மிதியடியை எடுங்கள். தலைசுற்ற வைக்கும் மாத்திரை எது என்று மருத்துவரிடம் கேளுங்கள். கழிப்பறைச் சுவரில் ஆள் எடையைத் தாங்கும் கைப்பிடி வையுங்கள். துண்டு போடும் கம்பியை நம்பாதீர்கள், அது ஆளோடு சேர்ந்து கீழே வரும்.

இது என் கற்பனை இல்லை, நடுவர் அவர்களே. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கேப்பபிள்' என்ற திட்டத்தில், அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர், செவிலியர், வீட்டைப் பழுதுபார்ப்பவர் என மூவர் வீட்டுக்கே வருகிறார்கள். "உங்களுக்கு எதைச் செய்ய ஆசை?" என்று பெரியவரிடமே கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். குளிப்பது, உடுத்துவது போன்ற 8 வேலைகளில் சராசரியாக நான்கில் தடுமாறியவர்கள், 5 மாதம் கழித்து இரண்டில்தான் தடுமாறினார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பழுதுபார்ப்பவரைச் சேர்த்ததுதான். மருந்துச்சீட்டில் எழுத முடியாததை அவர் சுத்தியலோடு வந்து செய்துவிடுகிறார்! டென்மார்க்கில் 2015-இல் இதற்குச் சட்டமே கொண்டுவந்தார்கள்: வீட்டு உதவி கேட்பவரின் திறனைப் பயிற்சியால் மீட்க முடியும் என்றால், நகராட்சி முதலில் அந்தப் பயிற்சியைத்தான் தர முன்வர வேண்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவரை எழுந்து சமைக்கச் சொல்லவில்லை நான். அவருக்குத் தூக்கவும் துடைக்கவும் ஆள் வேண்டும், மறுக்கவே இல்லை. ஆனால் இன்று எந்தச் சட்டை, நீலமா வெள்ளையா என்று அவர் சொல்லலாமே? எதிரணியிலிருந்து அடுத்து வருபவர், அந்தச் சட்டையையும் நாமே எடுத்து மாட்டிவிடுவதுதான் அன்பு என்று வாதாடினால், கேட்கக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.