சிறுகுடலைக் காட்டும் கப்சூல் கமரா: பயன் கூடுவது எதனால்?

நேயர்களுக்கு வணக்கம்.

வாய்வழியாகச் செலுத்தும் அகநோக்கி (கமரா பொருத்திய வளையும் குழாய்) இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் காட்டும். கீழ்வழியாகச் செலுத்துவது பெருங்குடலைக் காட்டும். இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் சிறுகுடலை எளிதாகப் பார்க்க வழி பிறந்தது, இஸ்ரேலியப் பொறியியலாளர் கவ்ரியேல் இடான் உருவாக்கிய கப்சூல் கமரா 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பின்னர்தான். 26 மில்லிமீற்றர் நீளமான அந்தக் கப்சூல், விழுங்கியதும் எட்டு மணித்தியாலம் போல இயங்கி, 50,000க்கும் மேற்பட்ட படங்களை இடுப்பில் கட்டிய பதிகருவிக்கு அனுப்பியது.

பலர் எந்தக் கருவி சிறந்தது என்றே கேட்கிறார்கள். என் கருத்தில், அதைவிட முக்கியமானது குடலின் சுத்தம். அகநோக்கியைப் போல இந்தக் கமராவால் நீர் பீய்ச்சிக் கழுவவோ, அழுக்கை உறிஞ்சவோ, திரும்பிவந்து பார்க்கவோ முடியாது. ஒரு சிறு குருதிக்கசிவின் மேல் உணவுத் துணுக்கோ நுரையோ படிந்திருந்தால் அது தப்பிவிடும். ஆகையால்தான் பரிசோதனைக்கு முதல்நாள் உணவைத் தெளிந்த திரவங்களுடன் நிறுத்தி, குடலைக் கழுவும் பொலிஎதிலீன் கிளைக்கோல் கரைசலை ஏறத்தாழ இரண்டு லீற்றர் குடிக்கச் சொல்கிறோம். நுரையை அடக்க சிமெத்திக்கோன் கொடுக்கிறோம். இளநீரும் பாலில்லாத தேநீரும் குடிக்கலாம். குடற்சுவரைக் கறுப்பாக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வைத்தியரிடம் கேட்டு ஒரு வாரம் முன்னரே நிறுத்தவேண்டும்.

கிண்ணியாவிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ இந்தப் பரிசோதனைக்காகக் கொழும்புக்குப் போகிறவர் இரவு பஸ்ஸில் ஏறினால், அந்த இரண்டு லீற்றரை எங்கே குடிப்பது, மலங்கழிக்க எங்கே இறங்குவது? முதல்நாளே போய்த் தங்குவதுதான் வழி. வழிக்கென்று வீட்டார் அன்போடு கட்டிக்கொடுக்கும் சோற்றுப் பார்சல் கூடவருபவருக்கு மட்டுமே உரியது.

அடுத்தது காலம். மலம் தார்போலக் கறுத்துப் போகும் நோயாளருக்கு, குருதிக்கசிவு தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் கப்சூலைக் கொடுத்தால் கசியும் இடம் அகப்படும் வாய்ப்புக் கூடும். வாரக்கணக்கில் தாமதித்தால், நின்றுபோன கசிவைத் தேடவேண்டிவரும். முன்னர் செய்த அகநோக்கி அறிக்கைகளைக் கையில் கொண்டு போனால், அவற்றைத் தேடிப் பெறுவதில் நாட்கள் வீணாகா.

நீண்டகால நீரிழிவு உள்ளவர்களில் கப்சூல் இரைப்பையிலேயே தங்கி, பெருங்குடலை அடையுமுன் மின்கலம் தீர்ந்துவிடலாம். விழுங்கி ஒரு மணித்தியாலம் அளவில் நேரடித் திரையில் பார்த்து, நகராவிட்டால் இரைப்பையை இயக்கும் மருந்து கொடுக்கலாம், அல்லது அகநோக்கியால் அதைச் சிறுகுடலுக்குள் இறக்கிவிடலாம்.

குரோன் நோய் (குடலின் நீடித்த அழற்சி), குடற்காசநோய், வயிற்றுச் சத்திரசிகிச்சை, நெடுங்காலம் வலிநிவாரணி பாவித்தமை ஆகியவற்றை மறைக்கக்கூடாது. இவற்றால் ஒடுங்கிய குடலில் கப்சூல் சிக்கக்கூடும். ஐயமிருந்தால், முதலில் தானாகக் கரையும் சோதனைக் கப்சூலைக் கொடுத்துப் பார்ப்பார்கள். உண்மையான கப்சூல் மலத்தோடு வெளியேறியது உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூடாது, இரண்டு வாரமாகியும் காணவில்லையென்றால், வயிற்று எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்க்கவேண்டும்.