வழி தவறிப் போன வீடு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

2016-ல் தென்கொரியாவின் டிவிஎன் தொலைக்காட்சியில் வந்த 16 பகுதித் தொடர் ‘மெமரி’. கொரிய மொழியில் ‘கியோக்’, அதாவது நினைவு. அதில் பார்க் டே-சோக் என்ற வக்கீல் நம்மை அழவைப்பது அவருக்கு வந்த அல்சைமர் என்ற மறதி நோயாலா, மனசுக்குள் கிடக்கும் குற்றவுணர்வாலா என்பதுதான் தலைப்பு. குற்றவுணர்வால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

“வாதாடுகிறவனுக்கு ஞாபகசக்திதானே கைமுதல்? அதுவே போனால் அவனிடம் என்ன மிஞ்சும்?” என்று எதிரணித் தலைவர் கேட்டார். நல்ல கேள்வி. கைத்தட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், மறைக்கவில்லை. ஆனால் நோய் வருவதற்கு முன்பு அந்த வக்கீல் எப்படிப்பட்ட ஆள்? பெரிய சட்ட நிறுவனத்தில் வேலை. ஜெயிப்பது ஒன்றே குறி. நியாயம் யார் பக்கம் என்று கேட்டுப் பழக்கமில்லை. இப்படி ஒருவருக்கு ஞாபகம் தப்பினால் ‘ஐயோ பாவம்’ என்போம். அழமாட்டோம்.

அழவைப்பவன் டோங்-வூ. டே-சோக்கின் முதல் மகன். 15 வருடங்களுக்கு முன் வண்டி மோதி இறந்த சின்னப் பையன். மோதியவன் நிற்காமல் போய்விட்டான். அப்புறம் அந்தக் குடும்பமும் உடைந்தது. முதல் மனைவி நா உன்-சோன் ஒரு நீதிபதி. அந்தத் துக்கத்தை விட்டு அவர் வெளியே வரவே இல்லை. டே-சோக் வந்துவிட்டார். இன்னொரு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பெரிய பதவி. டாக்டர் பெயர் வைப்பதற்கு முன்பே இந்த மனிதருக்கு மறதி தொடங்கிவிட்டது, நடுவர் அவர்களே!

அல்சைமர் எப்படி வேலை செய்கிறது? மூளையில் புது நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியைத்தான் பெரும்பாலும் முதலில் தொடுகிறது. காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். பழைய வாழ்க்கை வெகுநாள் தங்கும். அதனால்தான் டே-சோக் ஒரு நாள் தன் வீடு என்று நினைத்துக்கொண்டு முதல் மனைவியின் வீட்டுக்குள் போய் நிற்கிறார். எதிரணி இதை நோயின் கொடுமை என்றது. நான் அப்படிப் பார்க்கவில்லை. 15 வருடமாக இந்த மனிதர் கட்டிய சுவரை நோய் இடித்தது. சுவருக்குப் பின்னால் இருந்த பிள்ளையை நோயா கொண்டுவந்து வைத்தது?

அந்தக் காட்சியில் டே-சோக்காக நடித்த லீ சங்-மின்னின் முகத்தைப் பாருங்கள். அவர் முன்பு நடித்த ‘மிசேங்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு அவருடைய சிவந்த கண்கள் மறக்காது. அதே கண்கள்தான் இங்கேயும்.

இரண்டாவது மனைவி சோ யங்-ஜு அழுவது நோயை நினைத்துத்தானே என்று ஒரு சகோதரி கேட்டார். சரி, அந்த இடத்தில் எங்கள் அணி கொஞ்சம் சறுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணவனின் கால்கள் தானாக இன்னொரு வீட்டுக்கு நடக்கின்றன என்றால் அந்த அம்மாவுக்கு வலிப்பது மருத்துவ அறிக்கை மட்டும்தானா?

கதையின் கொடூரமான முடிச்சுக்கு வருகிறேன். மகனைக் கொன்ற வண்டியை ஓட்டியவன் எங்கோ இருந்தவன் இல்லை. டே-சோக் உழைத்துக் கொட்டிய அதே நிறுவனத்து முதலாளியின் மகன். பணக்காரர்களின் தவறுகளை மூடி மறைத்துக் கொடுப்பதே பிழைப்பாக இருந்தவருக்கு, மூடப்பட்டவற்றில் தன் பிள்ளையும் இருந்தான் என்று தெரிகிறது. எந்த ஸ்கேனில் இது தெரியும்?

இந்தத் தொடருக்கு முந்தைய வருடம், 2015-ல்தான், கொலை வழக்குகளுக்கு இருந்த கால வரம்பைத் தென்கொரியா நீக்கியது. 1999-ல் தேகு நகரில் ஆறு வயதுப் பையன் மீது அமிலம் ஊற்றப்பட்ட வழக்கு தீராமலே போனதற்கு நாடு கொதித்ததன் விளைவு அது. ஆனால் நீங்கியது கொலைக்கு மட்டும். மோதிவிட்டு ஓடுவது அந்தக் கணக்கில் வராது. வருடங்கள் ஓடினால் சட்டம் அதை மறந்துவிடும். அப்பனும் மறந்துகொண்டே போகிறான். இந்த இரண்டு மறதிக்கும் நடுவில்தான் டோங்-வூ கிடக்கிறான்.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவருக்கு ஒரே கேள்வி. நாளைக்கே ஒரு மாத்திரை வந்து டே-சோக்கின் நோய் முழுசாகக் குணமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஞாபகம் வருகிறது. டோங்-வூவும்தான். அன்றைக்கு ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்குவாரா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.