நாற்காலி எப்போது காலியானது?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். புறஜாதியாருக்கு, அதாவது யூதரல்லாதவருக்கு, சபையின் கதவு திறந்ததுமே இஸ்ரவேலின் அழைப்பு, யூத ஜனத்தைத் தேவன் தமக்கென்று அழைத்த அந்த அழைப்பு, முடிந்துவிட்டது என்கிறது எதிரணி. முடியவில்லை என்கிறோம் நாங்கள்.

சற்று முன் பேசிய நண்பர் ஒரு வரி சொல்லி பலத்த கைதட்டல் வாங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? "யூதர்கள் விட்டுப்போன காலி நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். எழுந்திருக்கச் சொல்கிறார்களா இவர்கள்?" சரி, அந்த நாற்காலி எப்போது காலியானது என்று பார்த்துவிடுவோம்.

யோப்பா பட்டணம். கடலோரத்தில் தோல் பதனிடுகிற சீமோனின் வீடு. நடுப்பகல். இயேசுவின் சீடர் பேதுரு, பிறப்பால் யூதர், ஜெபம் பண்ண மேல்வீட்டுக்கு ஏறுகிறார். கீழே சமையல் நடக்கிறது, மேலே இவருக்கு நல்ல பசி. அந்த நேரம் பார்த்து வானத்திலிருந்து ஒரு பெரிய துப்பட்டி, நாலு முனையும் கட்டி இறங்குகிறது. உள்ளே நாலுகால் ஜீவன், ஊர்வன, பறப்பன, யூதச் சட்டம் தீட்டு என்று விலக்கியவை உட்பட எல்லாம். "பேதுருவே, எழுந்திரு, அடித்துப் புசி." சொல்வது யார்? ஆண்டவர். இவர் சொன்ன பதில் என்ன? "அப்படியல்ல, ஆண்டவரே!" கேட்டீர்களா? 'ஆண்டவரே' என்றும் கூப்பிடுகிறார், 'அப்படியல்ல' என்றும் சொல்கிறார்! ஒரு தடவையோடு விட்டதா? மூன்றுதரம் நடந்தது. இத்தனைக்கும் அவர் தங்கியிருந்த வீடு எது? யூதருக்குத் தீட்டான செத்த மிருகத்தின் தோலை நாள் முழுக்கக் கையாளுகிற வீடு! அங்கே படுத்துத் தூங்கலாம், துப்பட்டியில் இருப்பதைத் தொடக்கூடாதாம். அப்பேர்ப்பட்ட பேதுருவைத்தான் தேவன் செசரியாவுக்கு, ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி, யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்கு அனுப்பினார். கொர்நேலியு காலில் விழுகிறார். பேதுரு அவரைத் தூக்கி நிறுத்தி, "எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான்" என்கிறார்.

இந்தக் கதையைத்தான் நண்பர் தன் அணிக்குச் சாட்சியாக இழுத்தார். ஐயா, அந்தக் கதவைத் திறந்தது யார் கை? ஒரு யூதனின் கை! அப்புறம் எருசலேமில் கூடி, விருத்தசேதனம் என்கிற நுனித்தோல் நீக்கும் யூதச் சடங்கு இல்லாமலே புறஜாதியார் வரலாம் என்று வழிவிட்ட சபைத் தலைவர் யாக்கோபு யார்? யூதர். அன்றைக்குச் சபையில் இருந்த வழக்கு, புறஜாதியாரைச் சேர்ப்பது எப்படி என்பதுதான். யூதருக்கு இடம் உண்டா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நாற்காலி காலியாகவே இல்லை நண்பரே. பக்கத்தில் நமக்கு இன்னொன்று போட்டார்கள். போட்டவர்களும் அவர்களே!

ரோமருக்கு எழுதும்போது யூத அப்போஸ்தலன் பவுல், புறஜாதியாரான நம்மை, இஸ்ரவேல் என்கிற நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டிய காட்டொலிவக் கிளை என்கிறார். ஒட்டவைக்கப்பட்ட கிளையே, பெருமை பேசாதே, நீ வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது என்கிறார். அதை மறந்ததால் என்ன நடந்தது? 1096இல் சிலுவைப் போருக்கென்று கிளம்பிய கூட்டம், போகிற வழியில் ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில், வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் யூதக் குடும்பங்களை வெட்டிச் சாய்த்தது. அன்றைக்கு மைன்ஸ் தெருவில் நாசரேத்து மரியாள் நின்றிருந்தால்? எட்டாம் நாளில் மகன் இயேசுவுக்கு விருத்தசேதனம் செய்த யூதத் தாய் அவள். விட்டிருப்பார்களா அவளை? யூதர்களைத் தேவனால் தள்ளப்பட்டவர்கள் என்று காட்டக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதிவைக்க 1965 ஆகிவிட்டது. எத்தனை தலைமுறை போயிற்று!

கடைசியாக ஒன்று. பவுலை அடித்தவர்கள் யார்? சொந்த ஜனமான யூதர். ஒன்று குறைய நாற்பது அடி, ஐந்துதரம். அந்த முதுகோடு உட்கார்ந்து அவர் எழுதுகிறார்: என் இருதயத்தில் இடைவிடாத வேதனை இருக்கிறது, என் சகோதரருக்காக நானே கிறிஸ்துவைவிட்டுச் சபிக்கப்பட்டவனாகப் போனாலும் சம்மதம் என்று. அடி வாங்கிய மனுஷன் அவர்களை விடவில்லை, நடுவர் அவர்களே. தேவன் விட்டுவிட்டார் என்று நீங்கள் எப்படித் தீர்ப்பு எழுதுவீர்கள்?

நன்றி, வணக்கம்.