கடைசி வண்டி யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டு ஓரமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் நான். மலை ஏறப் போகிற வண்டியும் என்னிடம் வரும், இறங்கி வந்த வண்டியும் வரும். இறங்கி வந்த வண்டிதான் அதிகம் வரும்.

என் அக்கா மகள் கோவையில் வேலை பார்க்கிறாள். போன மாசியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். செகண்ட் ஹேண்ட் வண்டிதான். இரண்டு பேர் உட்காரலாம், கூரையைத் திறந்து மூடலாம், தரையோடு தரையாக இருக்கும். வாங்கிய இரண்டாவது வாரமே போன் வந்தது. "மாமா, நாங்க எட்டு வண்டி சேர்ந்து ஊட்டி போறோமுங்க. நிறையப் பேருக்கு இதுதான் முதல் தடவை. டயர் என்ன போடலாம்?"

நான் கேட்டேன், "கடைசி வண்டி யாரு ஓட்டுறாங்க கண்ணு?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. முதல் வண்டி யார் என்பதற்கு ஒரு வாரமாகச் சண்டை நடந்திருக்கிறது. கடைசி வண்டியைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் வண்டி.

மலை என்றதும் எல்லோரும் ஏறுவதைத்தான் நினைக்கிறார்கள். இந்தக் கார்களுக்கு ஏறுவது ஒரு வேலையே இல்லை. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ இல்லாத எஞ்சின் அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் இறங்குவதில் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். குன்னூர் ரயில் நிலையம் சுமார் 1,700 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் நிலையம் சுமார் 325. ஒன்றரை டன் வண்டி அந்த உயரத்தைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும்போது, அதிலிருந்து வெளிவரும் சக்தி 60 லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கல்யாண வீட்டு அண்டா ஒன்று தளதளவென்று கொதிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் தின்றுவிடும். இன்னொரு பங்கைச் சின்ன கியரில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மிச்சம் முழுக்க நான்கு பிரேக் டிஸ்க்கின் தலையில் விழும். நியூட்ரலில் விட்டு இறங்கினால் எஞ்சினின் பங்கும் அங்கேயே போய்ச் சேரும்.

டிஸ்க்கின் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. வெறுமனே இருந்தாலே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற ஒரு திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிப்போனால் அதே ஆயில் 155லேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி வரும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

இதைப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. எனக்கு அப்போது 24 வயது. மூன்று வண்டியில் நண்பர்களோடு ஊட்டி போய்விட்டுக் குன்னூர் வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். என்னிடம் இருந்தது ஒரு பழைய கான்டசா கார். முன்னால் போன வண்டியை விட்டுவிடக் கூடாது என்று டாப் கியரில் விரட்டுவேன், வளைவு வந்ததும் பிரேக்கில் ஏறி நிற்பேன், மறுபடி விரட்டுவேன். பர்லியாருக்கு மேலே வரும்போது கருகிய வாசனை வந்தது. எதிரில் ஏறுகிற லாரியின் கிளட்ச் வாசனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த பெண்டில் மிதித்தபோது பெடல் ஊறிப்போன இட்லியை மிதித்தது மாதிரி அடிவரை போனது. மறுபடி மறுபடி அடித்து மிதித்தேன், செகண்டுக்கு இழுத்தேன், ஹேண்ட் பிரேக்கைத் தூக்கினேன். கடைசியில் மலைப் பக்கத்துக் கால்வாயில் இடது சக்கரத்தை இறக்கி, பாறையில் கதவைத் தேய்த்துத்தான் நின்றேன். பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருஷம் ஆனது என்று பார்க்காமல் வண்டியை எடுத்தது யார்? மெக்கானிக் நான்தான்.

அதனால் எட்டுப் பேரையும் அந்த வாரமே பிரேக் ஆயிலை மாற்றச் சொன்னேன். வண்டி ஓடவே இல்லையே என்றார் ஒருவர். ஓடாமல் நின்றாலும் ஈரம் ஏறும். இரண்டு வருஷம் தாண்டினால் மாற்றிவிடுங்கள். பிரேக் பேடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

சரி, டயர். இந்த மாதிரி கார்களில் ஒரு வேடிக்கை உண்டு. ஷெட்டிலேயே நிற்பதால் வண்டி 8,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். டயரில் பட்டன் புதிது போலத் தெரியும். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பார்த்தால் 2217 என்று இருக்கும். 2017ஆம் வருஷத்தின் 22ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். ரப்பர் கட்டையாகியிருக்கும். பனி நனைத்த ரோட்டில் அது வழுக்கும். காற்றைக் காலையில் டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது, ஒரு பசை டப்பாவும் சின்ன பம்பும்தான் இருக்கும். அது எங்கே இருக்கிறது, பம்பரில் திருகி மாட்டுகிற இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். நடு மலையில் சுமைகளை இறக்கிவைத்து மேனுவல் புத்தகம் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தக் கடைசி வண்டி.

எட்டு வண்டி வரிசையாகப் போவது ரப்பர் பேண்டு மாதிரி. முதல் வண்டி வளைவில் 20க்குக் குறைத்து, வெளியே வந்து 40க்கு ஏற்றும்போது, எட்டாவது வண்டி இன்னும் வளைவுக்குள் 20இல் இருக்கும். நடுவில் இடைவெளி விழும். அதை மூட அவர் 55இல் வருவார். அடுத்த வளைவுக்கும் 55லேயே வந்து சேருவார். முன்னால் போகிறவர் நிதானமாகத்தான் ஓட்டியிருப்பார், கடைசி ஆள் அன்று முழுக்க விரட்டிக்கொண்டே வந்திருப்பார். அந்த இடத்தில் பெரும்பாலும் யாரை விடுகிறார்கள்? புதிதாக ஓட்டுகிறவரை. "நீ மெதுவா பின்னாடி வா" என்று சொல்லிவிடுகிறார்கள்.

நான் வரிசையை மாற்றினேன். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எட்டுப் பேரும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள். எட்டை நான்கு நான்காகப் பிரித்து, நடுவில் பத்து நிமிஷம் விடச் சொன்னேன். ஒவ்வொரு நான்கிலும் முதல் வண்டி ரோடு தெரிந்தவர், இரண்டாவது வண்டி இருப்பதிலேயே புதியவர். அவருடைய வேகம்தான் மொத்த வரிசைக்கும் வேகம். கடைசியில் பழகிய கை. டூல்ஸ், கயிறு, முதலுதவிப் பெட்டி எல்லாம் அவரிடம். "அப்போ மஸ்டாங்ண்ணா?" என்றாள் என் மருமகள். எட்டுப் பேரில் மஸ்டாங் கார் வைத்திருப்பவரைத்தான் அப்படிச் சொன்னாள். மஸ்டாங் மூன்றாவது. அவருக்கு முகம் சுருங்கிப்போனது. பாவம், என்ன செய்வது.

அப்புறம் ஒரே ஒரு விதி. முன்னால் போகிற வண்டியைப் பிடிக்க வேண்டியது உங்கள் வேலை அல்ல. கண்ணாடியில் பின்வண்டி தெரிகிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். அப்போதும் வரவில்லை என்றால், வளைவு தாண்டி அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நில்லுங்கள். நீங்கள் நின்றால் உங்களுக்கு முன்னால் இருப்பவர் கண்ணாடியில் நீங்கள் மறைவீர்கள், அவரும் நிற்பார். கட்டபெட்டு போல ரோடு பிரிகிற இடங்களில் பின்வண்டி உங்களைப் பார்த்த பிறகுதான் திரும்ப வேண்டும். மலையில் பல இடத்தில் சிக்னல் இருக்காது, போனை நம்பிப் பயனில்லை.

முந்துவதைப் பற்றியும் பேசினோம். முன்வண்டி பஸ்ஸை முந்திவிட்டு, பின்னால் இருப்பவருக்கு "வா வா" என்று கை காட்டுவது இருக்கிறதே, அதைப் போலப் பொல்லாத உபகாரம் வேறு இல்லை. அவர் பார்த்த ரோடு வேறு, நீங்கள் நுழையும்போது இருக்கிற ரோடு வேறு. நான்கு வண்டியும் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாக முந்த வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பஸ் வந்தால் முழு ரோட்டையும் அதற்குக் கொடுத்துவிடுங்கள். அதன் நீளத்துக்கு வேறு வழி கிடையாது. வளைவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டால் பஸ் டிரைவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் நின்று சைடு கொடுக்க வேண்டும். இது மரியாதை மட்டும் இல்லை, சட்டமும் அதுதான்.

சட்டம் என்றதும் இன்னொன்று. பொது ரோட்டில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவில் சிறைக்கே வழி இருக்கிறது. வண்டி எவ்வளவு போகும் என்று பார்க்க ஆசையாக இருந்தால் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ரேஸ் கார்களைச் செய்து நம் ஊரையே கார் பைத்தியமாக்கிய கரிவரதன் பெயரில் உள்ள டிராக். அங்கே எதிரில் கேரட் லாரி வராது.

வழி, குன்னூர் பக்கம் ஏறி, கோத்தகிரி பக்கம் இறங்குவது. கோடை சீசனில் ஒருவழிப் பாதையாக்கும்போதும் இப்படித்தான் விடுவார்கள். மஸ்டாங்காரருக்குக் கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்க ஆசை. 36 கொண்டை ஊசி என்று எங்கேயோ பார்த்திருக்கிறார். வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை தம்பி, அதற்குக் காரணம் அந்தப் பள்ளத்தில் கிடந்த வண்டிகள்தான் என்றேன். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் போக இ-பாஸ், அதாவது ஆன்லைனில் எடுக்கிற அனுமதி, வேண்டும். நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிகளுக்கு விலக்கு உண்டு. கல்லாறு செக்போஸ்ட்டிலும் குஞ்சப்பனை செக்போஸ்ட்டிலும் பார்ப்பார்கள், பிளாஸ்டிக் பாட்டிலையும் பிடுங்கிக்கொள்வார்கள். தூக்குச்சட்டியிலோ எவர்சில்வர் பாட்டிலிலோ தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கூடவே ஆளுக்கு இரண்டு எலுமிச்சம்பழம். எல்லோரும் சிரித்தார்கள். டயருக்கு அடியில் வைக்கவா என்று ஒருவர் கேட்டார். மோந்து பார்க்க என்றேன்.

நான்கு மணிக்கே கிளம்பலாம் என்றார்கள், ரோடு காலியாக இருக்குமாம். கல்லாறு பக்கம் அந்த நேரத்தில் யானை ரோட்டைக் கடக்கும். நன்றாக விடியட்டும் என்று நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏறினோம். சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. குன்னூரைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு காட்டெருமை ரோட்டுக்கு வந்து, வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பிடிக்காதது மாதிரி திரும்பிப் போனது. ஊட்டியில் சாப்பாடு. மூன்று மணிக்கு இறக்கம்.

இரண்டாவது நான்கில் முதல் வண்டியில் நான் உட்கார்ந்திருந்தேன். பின்வண்டியில் என் மருமகள். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்கு என்பது பழைய லாரி டிரைவர்கள் சொல்வது. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் மேனுவலுக்கு மாற்றி அப்படியே இறங்கலாம். வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டிலேயே அழுத்தமாக ஒரு பிரேக், அப்புறம் காலை எடுத்துவிட வேண்டும். சும்மா தடவிக்கொண்டே வந்தால் டிஸ்க்குக்கு ஆறுகிற நேரம் கிடைக்காது. நன்றாகத்தான் ஓட்டினார்கள். குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே, ஓட்டிக்கொண்டிருந்த தம்பி கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அண்ணா, பின்னாடி காணோமுங்க."

ஒதுங்கி நின்றோம். போனில் சிக்னல் இல்லை. திருப்பிக்கொண்டு மேலே போய்ப் பார்க்கலாமா என்றார். வேண்டாம் என்றேன். அந்த ரோட்டில் வண்டியைத் திருப்புவது காணாமல் போனதைவிடப் பெரிய ஆபத்து. நான் இறங்கிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை வைத்தேன். அனல் அடித்தது, கருகிய வாசனை இல்லை. ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தேன். தண்ணீர் ஊற்றி ஆற்றலாமா என்று கேட்டார் அந்தத் தம்பி. சுடுகிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். அதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன், காது மட்டும் மேலேயே இருந்தது. ஒரு காய்கறி லாரி போனது. ஒரு பஸ் போனது. பதினோரு நிமிஷம்.

அப்புறம் அவளுடைய வண்டி வந்தது. அதற்குப் பின்னால் மஸ்டாங், அதற்குப் பின்னால் கடைசி வண்டி. கடைசி வண்டியில் ஆறு வயதுக் குழந்தை ஒன்று வாந்தி எடுத்திருக்கிறது. அது நிற்க மஸ்டாங் நிற்க, மஸ்டாங் நிற்க இவள் நின்றிருக்கிறாள். "நீங்க சொன்ன மாதிரியேதான் மாமா நின்னோம்" என்றாள், ஏதோ நான் திட்டப் போகிறேன் என்பது போல.

கடைசி வண்டி ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். குழந்தை பாதி எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தனை பெண்டு இருக்கு தாத்தா?" என்று கேட்டது. நான் குறைத்துத்தான் சொன்னேன். வணக்கம்.