டோலோ மேல காம்பிஃபிளாம் போடலாமா? அட்டையைத் திருப்பிப் பாருங்க!

வணக்கம் மக்களே! போன வாரம் மெடிக்கல் ஷாப்பில் எனக்கு முன்னால் நின்றவர் கேட்டார்: "முதுகு வலிக்கு டோலோ போட்டேன், கேக்கலண்ணா. மேல ஒரு காம்பிஃபிளாம் போட்டுக்கலாமா?" கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "போடுங்க, ஒண்ணும் ஆகாது." நம்ம ஊரில் வரிசையில் நிற்பவர் எல்லாருமே பாதி டாக்டர்.

[க்ளோசப்: காம்பிஃபிளாம் அட்டையின் பின்பக்கம்]

பொடி எழுத்தைப் படியுங்கள். இபுபுரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. டோலோவோ வெறும் பாராசிட்டமால்தான். ஆக, இரண்டும் சேரலாமா என்ற கேள்விக்குப் பதில் அந்த ஒரே மாத்திரைக்குள் இருக்கிறது. சேரலாம். பாராசிட்டமால் அளவு மீறினால் அடி கல்லீரலுக்கு. இபுபுரோஃபென் படுத்துவது வயிற்றையும் சிறுநீரகத்தையும்.

வம்பு கணக்கில்தான். டோலோவில் 650, இதில் 325, மொத்தம் 975. ஒரு வேளைக்குப் பரவாயில்லை. நாலு வேளை போட்டால் 3900. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பே 4000! நடுவில் சளிக்கு என்று ஒரு மாத்திரை விழுங்குவீர்கள், அதிலும் 500 பாராசிட்டமால் இருந்தால்? தாண்டியாச்சு. குடிப்பவர்களுக்கு வரம்பு இன்னும் கம்மி.

இதைவிட மோசம், இபுபுரோஃபெனோடு டைக்குளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ போடுவது. மூன்றும் ஒரே சாதி மருந்து. வலி கூடுதலாகக் குறையாது, வயிற்றுப்புண்தான் கூடும்.

இங்கே ஒரு கழுகுக் கதை, சொல்லாமல் விட மனசில்லை. மாட்டுக்கு டைக்குளோஃபெனாக் ஊசி போடுவார்கள். மாடு செத்தால் பாறு கழுகு தின்னும். தின்ற கழுகு சிறுநீரகம் செயலிழந்து, உடம்புக்குள் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து செத்துவிழும். இப்படியே கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தன. 2006-ல் மாட்டுக்கு டைக்குளோஃபெனாக் தடை. உடனே அசிக்ளோஃபெனாக் நல்ல பிள்ளை மாதிரி வந்தது. மாட்டின் உடம்புக்குள் போனதும் அது என்னவாக மாறுகிறது தெரியுமா? டைக்குளோஃபெனாக்காக! 2023-ல் அதற்கும் தடை. இன்று தமிழ்நாட்டில் பாறு கழுகு பார்க்க நீலகிரி மாயாற்றுப் பக்கம் போகவேண்டும். நமக்குக் கழுகு அளவுக்குப் பலவீனமான சிறுநீரகம் இல்லைதான். அதற்காக ரெட்டை டோஸா?

அப்புறம், காய்ச்சல் என்றால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுபுரோஃபென் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து. அல்சர், கிட்னி தொந்தரவு, கர்ப்பம், பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேளுங்கள். வரிசையில் நிற்பவரை அல்ல.

இப்பவே வீட்டு மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து, எத்தனை அட்டையில் பாராசிட்டமால் என்று எண்ணி கமெண்டில் போடுங்கள். என் வீட்டில் அஞ்சு. அதில் ரெண்டு 2022-லேயே காலாவதி.