செல்லுலோஸுக்குள் ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பருத்தித் துணியை எத்தனை முறை துவைத்தாலும் அது நீரில் கரைவதில்லை. அரிசி மாவோ கொதிநீரில் கஞ்சியாகிவிடுகிறது. இரண்டிலும் இருப்பவை குளுக்கோஸால் ஆன சங்கிலிகள்தாம். மாவுப்பொருளின் சங்கிலி சுருண்டுகொள்ளும். பருத்தியில் இருக்கும் செல்லுலோஸிலோ ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்கு எதிர்ப்புறமாகத் திரும்பி நிற்பதால், சங்கிலி நாடாவைப் போல நேராக நீள்கிறது.

அந்த நாடாவின் இரு ஓரங்களிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH தொகுதிகள், நீட்டிக்கொண்டிருக்கின்றன. குளுக்கோஸின் கார்பன்களுக்கு வரிசை எண் உண்டு. 3ஆம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில், பக்கத்துக் குளுக்கோஸின் வளைய ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது; அதாவது அதன் ஹைட்ரஜன் அந்த ஆக்சிஜனால் ஈர்க்கப்படுகிறது. சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் விறைப்பாக நிற்க அது உதவுகிறது. 6ஆம் கார்பனில் உள்ளது, அடுத்த சங்கிலியைப் பற்றுகிறது. இப்படிச் சங்கிலிகள் சேர்ந்து தகடாகின்றன.

இதையெல்லாம் எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எக்ஸ் கதிர்களைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள். ஹைட்ரஜனுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதன் சுவடு மிக மங்கலாகத்தான் விழும். நியூட்ரான்களோ அணுக்கருவில் பட்டுச் சிதறுபவை. ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜனுக்குப் பதில் கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தை வைத்து, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த நியூட்ரான் பதிவுகளை ஒப்பிட்டால் அது இருக்கும் இடம் தெரிந்துவிடும். நிஷியாமா, லாங்கன், ஷான்சி ஆகிய ஆய்வாளர்கள் 2002இல் இப்படித்தான் கண்டறிந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட செல்லுலோஸ் மரத்திலிருந்து வந்ததல்ல. டியூனிக்கேட் என்னும் கடல் விலங்கிலிருந்து! செல்லுலோஸை உருவாக்கும் விலங்கும் உண்டு.

3ஆம் கார்பனின் பிணைப்பு ஐயமின்றித் தெரிந்தது. 2ஆம், 6ஆம் கார்பன்களில் உள்ள மற்ற இரண்டு ஹைட்ராக்சில்களின் ஹைட்ரஜன்கள் ஒரே இடத்தில் நிலைக்காமல், ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளில் பரவிக் கிடந்தன. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஹைட்ராக்சில்களின் ஹைட்ரஜன் பிணைப்பே இல்லை.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். செல்லுலோஸ் கரையாததற்கு ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றையே காரணம் காட்டுவது போதாது. நீரும் ஹைட்ரஜன் பிணைப்பு தரக்கூடியதுதானே! குளுக்கோஸ் வளையத்தின் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் இருப்பவை கார்பனோடு சேர்ந்த ஹைட்ரஜன்கள். அவற்றுக்கு நீரோடு ஒட்டுறவு குறைவு. அந்த முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய, வான் டெர் வால்ஸ் விசைகள் எனப்படும் மெல்லிய ஈர்ப்புகள் தகடுகளை அடுக்கிப் பிடிக்கின்றன.

ஆகவே செல்லுலோஸைக் கரைக்க வரும் திரவம் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும்: ஓரத்து ஹைட்ராக்சில்களைத் தன்வசம் இழுக்க வேண்டும், தகடுகளின் முகங்களையும் பிரித்து வைக்க வேண்டும். நேர், எதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகளால் மட்டுமே ஆன சில அயனித் திரவங்களால் இது முடிகிறது. எதிரயனி ஹைட்ராக்சிலைப் பிடித்துக்கொள்கிறது. நேரயனி வளையத்தின் முகத்தை ஒட்டி நிற்கிறது.

நன்றி, வணக்கம்.