24 ஆண்டு கழித்து வந்த வாரிசு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மக்கள் மனத்தில் இடம்பிடித்துவிட்ட ஒரு சரித்திரப் படத்துக்குப் பல வருஷம் கழித்து இரண்டாம் பாகம் எடுப்பது தேவைதானா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொதுவாகப் பேசப் போனால் 'படத்தைப் பொறுத்தது' என்பதையே சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும். அதனால் ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன்: கிளாடியேட்டர்.

முதல் பாகம் 2000ஆம் ஆண்டு மே மாதம் வந்தது, இரண்டாம் பாகம் 2024 நவம்பரில். இரண்டையும் இயக்கியவர் ரிட்லி ஸ்காட்தான். இரண்டாவது படம் வெளியானபோது அவருக்கு 87 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் மொராக்கோ வெயிலிலும் மால்டாவிலும் அத்தனை பெரிய படப்பிடிப்பை நடத்தி முடித்ததற்கு முதலில் ஒரு கும்பிடு.

முதல் படத்தைப் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோமானியத் தளபதி மாக்ஸிமஸ். பேரரசர் மார்கஸ் அரேலியஸ் தன் மகன் கமோடஸை ஒதுக்கிவிட்டு, ஆட்சிப் பொறுப்பை இந்தத் தளபதியிடம் ஒப்படைக்க நினைக்கிறார். மகன் அப்பாவைக் கொன்று அரியணை ஏறுகிறான். மாக்ஸிமஸின் மனைவியும் சின்னப் பையனும் கொல்லப்படுகிறார்கள். அவன் அடிமையாக விற்கப்பட்டு, கிளாடியேட்டர் எனப்படும் களச்சண்டை மல்லனாகி, கடைசியில் கொலோசியம் மணலில் கமோடஸைக் கொன்றுவிட்டுத் தானும் சாகிறான். 12 ஆஸ்கர் பரிந்துரைகள், சிறந்த படம், சிறந்த நடிகர் உட்பட 5 விருதுகள். திரைக்கதை முழுசாகக் கைக்கு வராமலேயே படப்பிடிப்பு தொடங்கி, தளத்திலேயே மாற்றி மாற்றி எழுதி எடுத்த படம் என்பது பலரும் சொல்லியிருக்கும் செய்தி. பாதி சாமர்த்தியம், பாதி அதிர்ஷ்டம்.

இரண்டாம் பாகத்துக்கு ஏன் இத்தனை காலம்? கதாநாயகன் செத்துவிட்டானே, அதுதான் முட்டுக்கட்டை. இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. மாக்ஸிமஸாக நடித்த ரஸல் க்ரோ, ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவிடம் இரண்டாம் பாகத்துக்குத் திரைக்கதை எழுதித் தரச் சொன்னார். கேவ் எழுதிக் கொடுத்தது இது: செத்த மாக்ஸிமஸ் மறு உலகத்தில் கண் விழிக்கிறான். அங்கே ரோமின் பழைய தெய்வங்கள் கும்பிட ஆளில்லாமல் நலிந்து கிடக்கின்றன. கீழே புதிதாக ஒரு சாமிக்குச் செல்வாக்கு கூடிக்கொண்டே போகிறது, போய் அந்த ஆளையும் அவர் அடியார்களையும் ஒழித்துவிட்டு வா என்று மாக்ஸிமஸை அனுப்புகின்றன. கடைசியில் அவன் சாகாவரம் பெற்றவனாகிச் சிலுவைப் போர், உலகப் போர், வியட்நாம் என்று யுகம் யுகமாகச் சண்டை போட்டுக்கொண்டே போகிறான். க்ரோ படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார். என்னைக் கேட்டால் அதை எடுத்திருக்கலாம். கிறுக்குத்தனம்தான், ஆனால் முதல் படத்தைக் காப்பியடித்தது என்று எவனும் சொல்லியிருக்க முடியாது.

2024இல் வந்ததோ பாதுகாப்பான வழி. முதல் படத்தில் கமோடஸின் அக்கா லூசில்லாவுக்கு ஒரு மகன் உண்டு, லூசியஸ். அவன் வளர்ந்து பெரியவனாகி வட ஆப்பிரிக்காவில் வேறு பெயரில் வாழ்கிறான். ரோமானியப் படை வருகிறது, மனைவி கொல்லப்படுகிறாள், அவன் சிறைப்பட்டு விற்கப்பட்டு மல்லனாகிறான். அரண்மனையில் ஒரு சதித் திட்டம், அது அம்பலமாகிறது, கடைசியில் நேருக்கு நேர் சண்டை. சண்டைக்கு முன் மாக்ஸிமஸ் குனிந்து மண்ணை அள்ளிக் கைகளில் தேய்ப்பானே, அதையும் இவன் விடாமல் செய்கிறான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் ஏற்க முடியாத விஷயம், லூசியஸின் தகப்பன் மாக்ஸிமஸ்தான் என்று படம் அறிவித்ததுதான்.

முதல் படத்தில் ஒரு சின்ன உரையாடல் வரும். போர்முனைப் பாசறையில் லூசில்லாவும் மாக்ஸிமஸும் ரொம்ப காலத்துக்குப் பிறகு சந்திக்கிறார்கள். என் மகனுக்குக் கிட்டத்தட்ட எட்டு வயது என்கிறாள் அவள். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், அவனுக்கும் கிட்டத்தட்ட எட்டு வயது என்கிறான் இவன். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் முன்பு ஏதோ இருந்திருக்கிறது, இரண்டு பேரும் அதைக் கடந்து வந்துவிட்டார்கள் என்பது நமக்குப் புரிகிறது. அந்த நாகரிகம்தான் அந்தக் காட்சியின் அழகு. இரண்டாம் பாகம் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஆக அந்தப் பையன் இவனுக்குப் பிறந்தவன் என்று முடித்துவிட்டது. செத்துப்போன மனைவியை நினைத்தே கடைசி மூச்சுவரை வாழ்ந்தவன் என்று நாம் கொண்டாடிய மனிதனின் கதையில் இது எங்கே போய் ஒட்டும்? மாக்ஸிமஸுக்கு ஒரு காதல் காட்சி வைக்கலாம் என்று முதல் படத்தின்போதே யோசனை வந்ததையும், அந்தப் பாத்திரத்தின் அறத்தைக் காப்பாற்றத் தான் தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருந்ததையும் க்ரோ 2025இல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

ஒழுக்கப் பிரச்சினையை விடுங்கள், அதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. முதல் படத்தின் ஆணிவேரே, ஆள்வதற்குத் தகுதி ரத்தத்தால் வருகிறதா, குணத்தால் வருகிறதா என்ற கேள்விதான். அது சும்மா கற்பனையும் அல்ல. மார்கஸ் அரேலியஸுக்கு முன் டிராஜன், ஹேட்ரியன், அன்டோனினஸ் பயஸ், அப்புறம் மார்கஸ் என்று எல்லாரும் தத்துப் பிள்ளைகளாக வந்து அரியணை ஏறியவர்கள். மார்கஸ்தான் அந்த வழக்கத்தை மாற்றிச் சொந்தப் பிள்ளைக்குப் பட்டம் கட்டினார். வந்து சேர்ந்தவர் கமோடஸ். மார்கஸ் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஏக்கத்திலிருந்துதான் மாக்ஸிமஸ் என்ற பாத்திரமே பிறக்கிறது. அவன் யாருக்கும் வாரிசு இல்லை. அதுதான் அவனுடைய தகுதி. அப்படிப்பட்டவனுக்கு ஒரு ரத்த வாரிசைக் கண்டுபிடித்து, அந்த வாரிசுதான் ரோமைக் காப்பாற்றப் போகிறான் என்றால், முதல் படம் எதற்காக இரண்டரை மணி நேரம் மெனக்கெட்டது?

இந்த இடத்தில் பழைய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ சொல்லும் ஒரு கிண்டல் ஞாபகம் வருகிறது. உள்நாட்டுப் போரில் ஜெயித்துப் பேரரசரான செப்டிமியஸ் செவரஸ், தன் ஆட்சிக்கு ஒரு பின்புலம் வேண்டும் என்று, எப்போதோ இறந்துபோன மார்கஸ் அரேலியஸின் மகன் என்று தன்னைத்தானே அறிவித்துக்கொண்டார். அப்போது ஆஸ்பெக்ஸ் என்ற ஒரு பெரிய மனிதர் அவரிடம், தங்களுக்குத் தகப்பன் கிடைத்துவிட்டாரே, வாழ்த்துகள் என்றாராம்.

மற்ற குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கொலோசியத்துக்குள் தண்ணீர் விட்டுச் சுறாக்களை நீந்தவிட்டது பற்றி நிறையப் பேர் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. கி.பி. 80இல் கொலோசியத்தைத் திறந்தபோது அதில் நீர் நிரப்பிக் காட்சி நடத்தியதாக டியோவே எழுதியிருக்கிறார். சுறா மட்டும் சினிமாக்காரர்களின் கைச்சரக்கு. வட ஆப்பிரிக்காவின் நூமிடியா மீது படையெடுப்பதாகத் தொடக்கம் வைத்ததுதான் உறுத்துகிறது. அந்த நிலம் ஜூலியஸ் சீசர் காலத்திலேயே ரோமின் கைக்கு வந்துவிட்டது. படத்தில் வரும் கராகல்லா, கெட்டா என்ற இரண்டு பேரரசர்களின் தகப்பனான அதே செவரஸ்கூட வட ஆப்பிரிக்காவில், இன்றைய லிபியாவில் பிறந்தவர்தான். சொந்த வீட்டுக்கே படையெடுத்த கதை.

நல்லதையும் சொல்ல வேண்டும். டென்சல் வாஷிங்டன் மாக்ரினஸாக வரும் காட்சிகளில் எல்லாம் படம் நிமிர்ந்து உட்கார்கிறது. எதற்கும் அலட்டிக்கொள்ளாமல், ஆடையை ஒதுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே எதிரில் இருப்பவனை எடைபோடும் மனிதர். நிஜ மாக்ரினஸ் அல்ஜீரியக் கடற்கரையில் எளிய குடும்பத்தில் பிறந்து, வழக்கறிஞராகி, மெய்க்காவல் படைத் தலைவராகி, 217இல் கராகல்லா கொல்லப்பட்டதும் பேரரசர் ஆனவர். செனட்டராக இல்லாமலே அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். தன் ஊர் வழக்கப்படி ஒரு காது குத்தியிருந்தார் என்று டியோ குறிப்பிடுகிறார். படத்திலும் டென்சல் காதில் வளையம் போட்டிருக்கிறார். எந்த ரத்தமும் இல்லாமல் மேலே வந்தவர் இவர்தான். மாக்ஸிமஸ் கேள்விக்கு நேர் எதிர்ப்பக்கத்துப் பதில்: தகுதி என்ற பெயரில் வெறும் சாமர்த்தியம் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? படம் இவரைச் சுற்றி இருந்திருந்தால் 24 வருஷக் காத்திருப்புக்கு அர்த்தம் இருந்திருக்கும். இவரைப் போய் வில்லனாக ஓரம் கட்டிவிட்டார்கள்.

இதில் பெரிய ஏமாற்றம், இரண்டாம் பாகத்துக்கான கதையை வரலாறே எழுதி வைத்திருந்தது என்பதுதான். நிஜ லூசில்லா, தம்பி கமோடஸைக் கொல்ல நடந்த சதி தோற்றபின் 182 வாக்கில் கொல்லப்பட்டுவிட்டார். அவருடைய இரண்டாம் கணவர் பொம்பெயானஸ் என்ற தளபதி. சிரியாக்காரர், பெரிய குடும்பம் எதுவும் இல்லை, மார்கஸ் அரேலியஸின் முழு நம்பிக்கைக்கு உரியவர். மாக்ஸிமஸுக்கு நிஜத்தில் கிட்டத்தில் வரக்கூடிய ஆள் இவர்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். கமோடஸ் களத்தில் இறங்கி மல்லனாக வேஷம் போட்டபோது செனட்டர்கள் எல்லாம் உட்கார்ந்து கை தட்டியாக வேண்டும். கமோடஸ் ஒரு நெருப்புக்கோழியின் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு, இன்னொரு கையில் ரத்தம் சொட்டும் வாளோடு செனட்டர்கள் முன்னால் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் இளித்துக்கொண்டே தலையை ஆட்டினார். செனட்டராக அங்கே உட்கார்ந்திருந்த டியோவுக்குப் பயத்தைவிடச் சிரிப்புத்தான் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தலை போய்விடும். தலையில் சூடியிருந்த மாலையிலிருந்து இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்று சமாளித்தாராம். பொம்பெயானஸ் மட்டும் அங்கே போகவே இல்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, உயிரே போனாலும் மார்கஸின் மகன் இப்படி ஆடுவதைப் பார்க்கமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

192 கடைசியில் கமோடஸ் கொல்லப்பட்டார். அடுத்த வருஷமே, 193இல், மெய்க்காவல் படையினர் புதுப் பேரரசர் பெர்டினாக்ஸையும் கொன்றுவிட்டு ரோமப் பேரரசை ஏலம் விட்டார்கள். ஏலம் என்றால் நிஜமான ஏலம். பாசறைக்கு உள்ளே ஒருவர், மதிலுக்கு வெளியே டிடியஸ் ஜூலியானஸ். உள்ளே இருந்தவர் வீரர் ஒருவருக்கு 20,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) வரை வந்ததும், ஜூலியானஸ் ஒரே தாவாக 5,000 ஏற்றி, காது கேட்காதவனுக்கும் தெரியட்டும் என்பதுபோல் விரலை விரித்துக் காட்டிக் கத்தினார். பேரரசு அவர் கைக்குப் போனது. இரண்டு மாதம் ஆண்டார். லூசில்லாவுக்கும் பொம்பெயானஸுக்கும் பிறந்த மகன் இத்தனையையும் தாண்டி வளர்ந்து, 209இல் கான்சல் என்ற உயர்பதவிவரை வந்தார். கமோடஸின் ஆட்டத்தைப் பார்க்கப் போன பிள்ளைகளில் அவரும் இருந்திருக்கலாம். கடைசியில் அவரைக் கொல்ல ஆளனுப்பியது கராகல்லா. மார்கஸின் பேரன் என்பதே அவருக்கு எமனாகிவிட்டது. இதைப் படமாக எடுத்திருந்தால் ரத்த வாரிசு என்பது வரமா சாபமா என்று முதல் படத்தோடு மல்லுக்கு நின்றிருக்கும்.

அப்படி மல்லுக்கு நின்ற படம் ஒன்று உண்டு. 1964இல் 'ஸுலு' என்ற பிரிட்டிஷ் படம் வந்தது. 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில், ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சின்னக் காவலிடத்தை ஏறத்தாழ 150 பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கான ஸுலு வீரர்களிடமிருந்து காப்பாற்றிய கதை. இன்றும் கொண்டாடுகிறார்கள். அதே நாள் சில மணி நேரம் முன்பு, சில மைல் தூரத்தில் இசண்டுல்வானாவில், பிரிட்டிஷ் தரப்பில் 1,300க்கும் மேற்பட்டோர் மாண்ட பெருந்தோல்வி அந்தப் படத்தில் தொடக்கத்தில் வந்து போய்விடும். 15 வருஷம் கழித்து, முதல் படத்தை இயக்கிய சை எண்ட்ஃபீல்டே சேர்ந்து எழுதி, 'ஸுலு டான்' வந்தது. முன்னதாக நடந்த அந்தத் தோல்விதான் கதை. அதோடு அந்தப் போரை ஆங்கிலேய அதிகாரிகள் எப்படி வலிய வரவழைத்தார்கள் என்பதையும் காட்டியது. வசூலில் படுத்துவிட்டது, முதல் படத்தின் விறுவிறுப்பும் அதில் இல்லை. ஆனாலும் அதைப் பார்த்தபின் முதல் படத்தைப் பழைய கண்ணால் பார்க்க முடியாது. எனக்கு அது போதும்.

பணம்? கிளாடியேட்டரின் இரண்டு பாகங்களுமே உலக அளவில் ஏறத்தாழ 46 கோடி டாலர் வசூலித்தன. அதே தொகைதானே என்று நினைக்காதீர்கள். செலவு இரண்டாவதுக்கு இரண்டு மடங்குக்கு மேல், 24 வருஷத்து விலைவாசி வேறு. ஆஸ்கரில் ஆடை வடிவமைப்புக்கு ஒரு பரிந்துரை வந்தது, விருது இல்லை. ஆனால் பெயர் தெரிந்த படம் என்றால் விளம்பரத்தில் பாதி வேலை முடிந்துவிடுகிறது, அதனால் தயாரிப்பு நிறுவனங்கள் இதை விடப்போவதில்லை.

மூன்றாம் பாகத்துக்கும் யோசனை இருக்கிறது என்று ஸ்காட் சொல்லியிருக்கிறார். எடுப்பதாக இருந்தால் என் தரப்பில் ஒரு ஆள் இருக்கிறார். நிஜ மாக்ரினஸை 218இல் கவிழ்த்தது படைத்தளபதி யாரும் அல்ல, சிரியாவின் எமேசாவில் இருந்த ஒரு பாட்டி. பெயர் ஜூலியா மேசா, கராகல்லாவின் பெரியம்மா முறையோ சித்தி முறையோ, அம்மா கூடப் பிறந்தவர். 14 வயதுப் பேரனைப் படைவீரர்கள் முன் நிறுத்தி, இவன் கராகல்லாவுக்கு ரகசியமாகப் பிறந்தவன் என்று கதை கட்டினார். கூடவே பணமும் பாய்ந்தது. வீரர்கள் நம்பினார்கள், அல்லது நம்பியதுபோல் நடந்துகொண்டார்கள். பையன் பேரரசன் ஆனான். ஹாலிவுட் 2024இல் கையாண்ட அதே உத்தி, 1,800 வருஷத்துக்கு முன்பே, அதுவும் இதைவிட நன்றாக ஓடியிருக்கிறது.

படத்தில் மாக்ரினஸைத்தான் ஏற்கெனவே கொன்றுவிட்டார்களே என்று கேட்பீர்கள். கைக்கு வந்து இருநூறு வருஷத்துக்கும் மேலான நூமிடியாவை மறுபடி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, அது ஒரு பெரிய விஷயமா என்ன? நன்றி, வணக்கம்.